சாப்பாட்டுக் கிண்ணத்தில் ஒரு நத்தை!

குழந்தைகளே, முதலில் ஒரு கேள்வி. நாய் இருமி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

குரைத்துப் பார்த்திருப்பீர்கள். ஊளையிட்டும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இருமல்? தொண்டையில் எலும்பு சிக்கியது போல, கழுத்தை முன்னால் நீட்டி, முன்னங்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, "கஹ்... கஹ்..." என்று இருமும். பார்க்கவே பாவமாக இருக்கும். நான் முதன்முதலாக அதைப் பார்த்தது 2019ம் ஆண்டு, இங்கிலாந்தில். என் மகள் குடும்பம் அந்த நாட்டின் தென்கிழக்கு மூலையில், கென்ட் என்ற பகுதியில் இருக்கிறது. பேத்தியைப் பார்க்க மூன்று மாதம் போயிருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். அவருக்குத் துணை ஒரு நாய்க்குட்டி. பெயர் பிஸ்கட். ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. காக்கர் ஸ்பானியல் என்ற இனம். காது இரண்டும் பெரிய வெற்றிலை போலத் தொங்கும். வேலியில் ஒரு பலகை பெயர்ந்து கிடந்தது. அந்தச் சந்து வழியாகத் தினமும் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். எட்டு வயதுப் பேத்திக்கும் அதற்கும் பந்து விளையாட்டு நடக்கும். நான்தான் நடுவர்!

அந்த ஆண்டு அங்கே மழைக்காலம் போலவே ஒரு இலையுதிர்காலம். எப்போது பார்த்தாலும் தூறல். ஒருநாள் காலை பிஸ்கட் இருமத் தொடங்கியது. "மழையில் நனைந்தது, சளி பிடித்திருக்கும்" என்றார் பாட்டி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டு, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாலைந்து நாள் போயிற்று. பந்தை எறிந்தால் பாதி தூரம் ஓடி அப்படியே உட்கார்ந்துவிடும். மூச்சு வாங்கும். அப்புறம் ஒரு மதியம், ரோஜாச் செடிக்குள் புகுந்து வந்ததில் காது ஓரத்தில் முள் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். உங்கள் முழங்காலில் வாரத்துக்கு இரண்டு முறை விழுமே, அதைவிடச் சின்னது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை! துண்டு வைத்து அழுத்திப் பிடித்தார் பாட்டி. அரை மணி, ஒரு மணி... துண்டுதான் நனைந்தது. அப்போது பேத்தி அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதோட கண்ணைப் பாருங்க" என்றாள். விழியின் வெள்ளையில், குங்குமம் சிந்தியது போல ஒரு சிவப்புத் திட்டு.

இருமல், களைப்பு, நிற்காத ரத்தம். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அந்த மருத்துவர் அம்மா வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். வெளுத்திருந்தன. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்கள் தோட்டத்தில் நத்தை அதிகமா?"

நாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்று வந்தால், நத்தையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நீங்களே யோசியுங்கள். நாற்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவன் எனக்கே தெரியவில்லை!

பாட்டி தலையாட்டினார். "ஆமாம், நிறைய. பிஸ்கட்டின் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பின்வாசல் படியில்தான் வைப்பேன். காலையில் பார்த்தால் அதன்மேல் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும்."

நானும் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவற்றில் பலவும் ஓடில்லா நத்தைகள். நம் ஊர்த் தோட்டத்திலும் மழைநாளில் பார்க்கலாம். முதுகில் வீடு இல்லாமல், விரல் நீளத்துக்கு, வழவழவென்று ஊர்ந்து போகும். போன வழியெல்லாம் வெள்ளிக் கோடு மின்னும்.

மருத்துவர் பிஸ்கட்டின் ரத்தத்தில் சில சொட்டுகளை ஒரு சின்னப் பெட்டியில் விட்டார். பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். சுவரில் இருந்த கடிகாரத்தையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டியில் ஒரு நிறப்புள்ளி தோன்றியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "நுரையீரல் புழு" என்றார்.

பெயர் ஒன்று, வீடு ஒன்று!

குழந்தைகளே, இந்தப் புழுவின் கதை துப்பறியும் கதையைவிடச் சுவையானது. முதல் திருப்பம் பெயரிலேயே இருக்கிறது. நுரையீரல் புழு என்கிறோம். ஆனால் வளர்ந்த புழு குடியிருப்பது நுரையீரலின் காற்றுப் பைகளில் இல்லை. இதயத்தின் வலது பக்கத்திலும், அங்கிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயிலும்தான்! 1850களில் பிரான்ஸ் நாட்டின் தூலூஸ் நகரில் இறந்துபோன ஒரு நாயை அறுத்துப் பார்த்தபோது இதயத்தில் இந்தப் புழுக்கள் இருந்தன. பிறகு 1866ல் அதற்கு வைத்த பெயரில் 'வாசோரம்' என்று ஒரு சொல் உண்டு. லத்தீனில் 'குழாய்களுடைய' என்று பொருள். முழுப்பெயர் ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் வாசோரம். ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா பாருங்கள்.

புழு பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீளம் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர்தான். தையல் நூல் போல மெலிசு. பெண் புழுவின் உடம்பில் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும், முட்டை நிறைந்த வெள்ளைப் பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி!

பெண் புழு முட்டையிடுகிறது. முட்டைகள் ரத்தத்தோடு போய், நுரையீரலின் முடியளவு மெல்லிய குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. அங்கேயே பொரிக்கின்றன. குஞ்சுப் புழு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அவை சுவரைத் துளைத்துக்கொண்டு காற்றுப் பைக்குள் வருகின்றன. நாய்க்கு உறுத்தாமல் இருக்குமா? இருமுகிறது. இருமினால் குஞ்சுகள் தொண்டைக்கு வந்துவிடும். நாய்க்குத்தான் துப்பத் தெரியாதே, விழுங்கிவிடும். வயிறு, குடல், அப்புறம் மலத்தோடு வெளியே. பார்த்தீர்களா? நாயின் இருமல்தான் அந்தக் குஞ்சுகளுக்கு வண்டி.

சரி, வெளியே வந்த குஞ்சை இன்னொரு நாய் நக்கிவிட்டால் அதற்கும் நோய் வருமா?

வராது! இதுதான் இரண்டாவது திருப்பம். ஐந்தாம் வகுப்பு முடித்தவர் நேரே ஏழாம் வகுப்பில் போய் உட்கார முடியுமா? ஆறாம் வகுப்பு படிக்க வேண்டாமா? இந்தப் புழுவுக்கு நத்தைதான் ஆறாம் வகுப்பு. கிடக்கும் மலத்தை நத்தை தின்ன வரும். (முகம் சுளிக்காதீர்கள்! நத்தைகள் தின்னாவிட்டால் பூமி எப்படி நாறும் என்று யோசியுங்கள்.) அப்போது குஞ்சுகள் நத்தையின் உடம்புக்குள் போகின்றன. இரண்டு முறை தோல் உரித்து வளர்கின்றன. இரண்டு மூன்று வாரம் ஆகும்; குளிர் அதிகமானால் இன்னும் தாமதம். அதன் பிறகுதான் ஒரு நாயைப் பிடிக்கும் தகுதி அவற்றுக்கு வருகிறது.

அந்த நத்தையை ஒரு நாய் விழுங்கினால், குஞ்சுகள் குடலைத் துளைத்து வெளியேறி, வழியில் மறுபடி இரண்டு முறை தோல் உரித்து, சுமார் பத்து நாளில் இதயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே வளர்ந்து, முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் மலத்தில் வெளிவரக் குறைந்தது ஒரு மாதம். பெரும்பாலும் நாற்பது நாளுக்கு மேல். ஆகவே பிஸ்கட் அந்த நத்தையைத் தின்றது நான் இங்கிலாந்துக்கு விமானம் ஏறும் முன்பே இருக்கலாம்!

நாய் ஏன் நத்தையைத் தின்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சில குட்டிகள் வேண்டுமென்றே தின்னும். எதைக் கண்டாலும் வாயில் போட்டுப் பார்க்கும் வயசு. ஆனால் பெரும்பாலும் தெரியாமல்தான். புல்லை மெல்லும்போது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நத்தை. ராத்திரி தோட்டத்தில் விட்ட பந்தின்மேல் ஒன்று. தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஒன்று. அரிசி அளவு நத்தை நாய்க்குக் கண்ணில் படுமா? தவளையைக் கவ்வினாலும் ஆபத்து உண்டு. நத்தையைத் தின்ற தவளைக்குள் புழு காத்துக்கொண்டிருக்கலாம்.

ரத்தம் ஏன் நிற்கவில்லை? நம் ரத்தத்தில் அடிபட்ட இடத்தை அடைக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறோமே, அதுபோல. இந்தப் புழு குடியேறிய நாய்க்குள் அந்த ஒட்டெல்லாம் உள்ளேயே செலவாகிவிடுகிறது. பிறகு வெளியே ஒரு கீறல் பட்டால் ஒட்டுவதற்குச் சரக்கு இருக்காது. ஈறில், மூக்கில், கண்ணில் ரத்தம் கசியும். மூளைக்குள் கசிந்துவிட்டால் நாய் தள்ளாடும், வலிப்பு வரும். சில நாய்கள் இருமவே இருமாமல் நேரே இந்த நிலைக்கு வந்து நிற்குமாம். "சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள்" என்று மருத்துவர் சொன்னபோது பாட்டியின் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

பெயர் தெரியாத இன்னொரு நாய்

அன்று ராத்திரி பிஸ்கட்டை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள். ரத்தத்தில் சிவப்பு அணுக்களை நீக்கினால் கிடைக்கும் மஞ்சள் திரவம் அது. ஒட்டுப் போடும் சரக்கு அதில்தான் இருக்கிறது. எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்னொரு நாயிடமிருந்து!

ஆமாம், அந்த நாட்டில் நாய்களுக்கும் ரத்த வங்கி இருக்கிறது. 2007ல் ஒரு தொண்டு நிறுவனமாகத் தொடங்கியது. ரத்தம் கொடுக்க வரும் நாய் 25 கிலோவுக்கு மேல் எடை இருக்க வேண்டும். வயது 1 முதல் 8 வரை. மயக்க மருந்து கிடையாது; மேசைமேல் அமைதியாகப் படுத்திருக்கும் குணம் வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 450 மில்லிலிட்டர் எடுப்பார்கள். முடிந்ததும் தின்பண்டமும் ஒரு கழுத்துத் துணியும் கிடைக்கும். பிஸ்கட்டுக்குக் கொடுத்தது எந்த ஊர் நாயோ, என்ன பெயரோ! பேத்தி ஒரு நன்றிக் கடிதம் எழுதி, "பெறுநர்: நல்ல நாய்" என்று முகவரி எழுதினாள். எங்கே அனுப்புவது என்று தெரியாததால் என் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

புழுவைக் கொல்ல மருந்து உண்டு. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றுவிடக்கூடாது என்றார் மருத்துவர். புழுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் செத்தால், செத்த உடல்கள் ரத்தக் குழாய்களை அடைத்து நாய்க்கு மூச்சுத் திணறும். அதனால் மெதுவாக, மூன்று வாரம், தினமும் சாப்பாட்டில் கலந்து மருந்து. அதுவரை ஓட்டம், பந்து எல்லாம் தடை. ஒரு துள்ளும் குட்டியை மூன்று வாரம் சும்மா படுக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். உங்களுக்கு அம்மை போட்டபோது பட்டிருப்பார்!

ஒரு புனல், ஒரு துணி, கொஞ்சம் வெந்நீர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். புழு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குஞ்சுகள் மலத்தில் தினமும் வராது. இன்று வரும், நாளை வராது. அதனால் மூன்று நாள் மலத்தைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பெருமை அடியேனுக்கு.

அங்கே இருந்த உதவியாளர், நான் வாத்தியார் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பெரிய புனல். அதன் அடியில் ரப்பர் குழாய். குழாயை ஒரு கிளிப் போட்டு மூடியிருந்தார்கள். புனல் நிறைய வெதுவெதுப்பான நீர். மலத்தை மெல்லிய துணியில் கட்டி அந்த நீரில் மூழ்கும்படி தொங்கவிட்டார்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது? வெதுவெதுப்பும் ஈரமும் பட்டதும் குஞ்சுகள் சுறுசுறுப்பாகி, நெளிந்து நெளிந்து துணியை விட்டு வெளியே வந்துவிடும். ஆனால் பாவம், அவற்றுக்கு நெளியத்தான் தெரியும், மேல்நோக்கி நீந்தத் தெரியாது! எனவே ஒவ்வொன்றாக அடியில் போய்ச் சேரும். காலையில் கிளிப்பைத் திறந்து சில சொட்டு நீரைப் பிடித்து நுண்ணோக்கியில் வைத்தால், இருந்தால் தெரிந்துவிடும். அதன் வால் நுனியில் ஒரு நெளிவும் ஒரு சின்ன முள்ளும் இருக்கும். அதுதான் இந்தப் புழுவின் அடையாள அட்டை.

பேர்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1917ல் வெளியிட்ட முறை இது. இன்றைய இந்தோனேசியாவில் வேலை பார்த்தபோது, மனிதர்களைப் பிடிக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகளை மண்ணில் தேடுவதற்காகக் கண்டுபிடித்தார். நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் அதே புனல், அதே துணி! நம் பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே இந்தச் சாமான்கள் எல்லாம் உண்டு என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

நரியும் நத்தையும்

இங்கிலாந்தில் இந்தப் புழு ரொம்ப காலம் தென்மேற்கே கார்ன்வால் போன்ற ஒரு சில இடங்களில்தான் தெரிந்திருந்தது. பிறகு மெல்லப் பரவியது. 2009ல் ஸ்காட்லாந்தில் ஒரு நாய்க்கு வந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். பரப்புவதில் நரிக்கும் பங்கு உண்டு. அந்த நாட்டில் நரிகள் லண்டன் தெருவிலேயே ராத்திரியில் குப்பைத் தொட்டியைக் கிளறும். நரிக்குள்ளும் இந்தப் புழு வாழும். 2005-06ல் 546 நரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 7 நரியில் இருந்தது. 2013-14ல் மறுபடி 442 நரிகளைச் சோதித்தால் நூற்றுக்கு 18! தென்கிழக்கில் மட்டும் பார்த்தால் பாதி நரிகளில் இருந்தது. பிஸ்கட்டின் வீடு அந்தத் தென்கிழக்கில்தான்.

"நம் ஊர் நாய்க்கும் வருமா தாத்தா?" என்று கேட்பீர்கள். இந்தப் புழு முக்கியமாக இருப்பது ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும். மனிதரை இது பிடிப்பதில்லை. ஆனால் இதற்கு ஒரு பங்காளி உண்டு, எலியின் நுரையீரல் புழு. அதுவும் நத்தைக்குள் 'ஆறாம் வகுப்பு' படிப்பதுதான். அது மனிதருக்குள் தவறிப் போனால் மூளைக்குப் போய்விடும். கடுமையான தலைவலியும் மூளை உறைக் காய்ச்சலும் வரும். நம் பக்கத்துக் கேரளத்தில் அப்படிச் சிலருக்கு வந்திருக்கிறது. உள்ளங்கை அளவு பெரிதாக, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறுமே ஆப்பிரிக்க ராட்சத நத்தை, அதற்குள்ளும் இந்தப் பங்காளி இருக்கக்கூடும். 1847ல் மொரீஷியஸ் தீவிலிருந்து ஒருவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்துவிட்ட நத்தை அது. பிறகு நாடெல்லாம் பரவியது. அதை வெறும் கையால் பிடித்து விளையாடாதீர்கள். தவறிப்போய்த் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கை வாய்க்குப் போகக்கூடாது. பச்சைக் கீரையைப் பறித்து அப்படியே மெல்லும் பழக்கம் இருந்தால், கழுவிவிட்டு மெல்லுங்கள். சமைத்துவிட்டால் புழு செத்துவிடும்.

கடைசிப் பரிசோதனைக்கு முன்பே நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. விடைபெறப் போனபோது பிஸ்கட் பாட்டியின் காலடியில் கம்பளியில் படுத்திருந்தது. வாலை மட்டும் இரண்டு தடவை ஆட்டியது.

2020 ஜனவரியில் பொங்கலன்று மகள் போன் பண்ணினாள். "அப்பா, புனலில் ஒன்றும் இல்லையாம்! மூன்று நாள் சேர்த்ததில் ஒரு புழுகூட இல்லையாம்." பின்னால் பேத்தி கத்துவதும், ஒரு குரைப்பும் கேட்டன. இருமல் இல்லை. வேலியில் அந்தப் பலகையை இன்னும் யாரும் சரி செய்யவில்லையாம். பிஸ்கட்டின் கிண்ணம் மட்டும் இப்போது சமையலறைக்குள் வந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் காலையில் பின்வாசல் படியில் பார்த்தால், கிண்ணம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வெள்ளிக் கோடுகள் கிடக்குமாம்.